உங்கள் கடவுச்சொல் எங்கே போகிறது? மின்னஞ்சல் செயலிகளும் எங்கட தெரிவுகளும்

2025 ஒக்டோபர் தொடக்கத்தில் யேர்மனியின் வடக்கு மாநிலமான சிலேஸ்விக்-ஹோல்ஸ்டைன் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அரச ஊழியர்களின் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல்பெட்டிகளை, அவற்றில் இருந்த 10 கோடிக்கும் அதிகமான மின்னஞ்சல்கள், நாட்காட்டிப் பதிவுகளோடு சேர்த்து, மைக்ரோசொப்ட்டின் எக்ஸ்சேஞ்ச், அவுட்லுக் இரண்டிலுமிருந்து மாற்றி முடித்துவிட்டதாகச் சொன்னது. சேர்வர் பக்கத்தில் ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச், ஊழியரின் மேசைக் கணினியில் தண்டர்பேர்ட். வேலை முடிய ஆறு மாதம். இடையில் ஊழியர்களிடமிருந்து முறைப்பாடுகள் வராமலும் இல்லை.

சில நாட்களில், ஒக்டோபர் 8ஆம் திகதி, இந்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் மின்னஞ்சலை சோஹோவுக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தார். சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும், பிறகு தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் குடியேறிய ஸ்ரீதர் வேம்பு கட்டி வளர்த்த நிறுவனம் என்றபடியால் எங்கட ஆக்களுக்கும் ஒரு புளுகம். அதற்கு முன் மே மாதம் இன்னொரு செய்தி. அமெரிக்கத் தடைக்கு உள்ளான சர்வதேச குற்றவியல் நீதிமன்ற வழக்குத்தொடுநர் கரிம் கானால் தன் மைக்ரோசொப்ட் மின்னஞ்சலுக்குள் போக முடியவில்லை, அவர் சுவிஸ் நிறுவனமான புரோட்டோனுக்கு மாறிவிட்டார் என்று ஏபி செய்தி நிறுவனம் எழுதியது. நீதிமன்றத்துக்கான சேவையைத் தாங்கள் நிறுத்தவில்லை என்று மைக்ரோசொப்ட் மறுத்தது. அந்த ஒக்டோபர் மாத முடிவில், நீதிமன்றம் தன் அலுவலக மென்பொருளையே யேர்மனியில் உருவான ஓப்பன்டெஸ்க்குக்கு மாற்றப்போவதாகச் செய்தி வந்தது.

இந்த மூன்றையும் அரசியல் செய்தியாகத்தான் எல்லோரும் வாசித்தார்கள். அமெரிக்காவா ஐரோப்பாவா, சுதேசியா விதேசியா என்று. அது பிழையில்லை. ஆனால் நான் இந்தத் துறைக்குள் இருந்து பார்க்கிறவன். யேர்மனியில் மின்னஞ்சல் செயலி எழுதுகிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. எனக்குத் தெரிந்த மட்டில், ஒருவருடைய கடிதங்கள் யார் கையில் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது பெரும்பாலும் அமைச்சர்கள் இல்லை. செயலியை வடிவமைக்கிற ஏழெட்டுப்பேர் ஒரு அறைக்குள் இருந்து, இந்தப் பட்டனை எங்கே வைக்கிறது, இதை முதலிலேயே போட்டுவிடுகிறதா இல்லையா என்று எடுக்கிற சின்னச் சின்ன முடிவுகள்தான்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். "ஜிமெயில் அனுப்பு" என்று சொல்லிச் சொல்லி, விலாசம், சேவை, செயலி மூன்றும் ஒன்றுதான் என்று எங்கட சனம் நினைக்கப் பழகிவிட்டது. மூன்றும் வேறு வேறு. சேவை என்பது தபாற்கந்தோர். விலாசம் உங்கள் பெயரில் உள்ள பெட்டி. செயலி என்பது கடிதத்தை எடுத்து வாசித்துப் பதில் எழுதுகிற உங்கள் வீட்டு மேசை. மேசையை மாற்றக் கந்தோரை மாற்றத் தேவையில்லை. ஜிமெயில் விலாசத்தை தண்டர்பேர்ட்டில் வைத்து வாசிக்கலாம். ஜிமெயில் ஆப்பில் யாஹூவைப் போட்டும் வாசிக்கலாம். சிலேஸ்விக்-ஹோல்ஸ்டைன்காரர் கந்தோர், மேசை இரண்டையும் தனித்தனியாகத் தெரிவு செய்யக்கூடியதாக இருந்ததுக்குக் காரணம், இடையில் ஓடுகிற மொழி யாருக்கும் சொந்தமில்லாத பொது மொழி என்பதே.

அந்தப் பொது மொழிகளில் முக்கியமானவை இரண்டு. பழையது பொப். கந்தோரில் இருக்கும் கடிதத்தை எடுத்துவந்து வீட்டில் வைத்துவிடும், கந்தோரில் பிறகு ஒன்றும் இருக்காது. மற்றது ஐமேப், 1986இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தது. கடிதம் கந்தோரிலேயே இருக்கும், நீங்கள் எந்த மேசையிலிருந்தும் பார்க்கலாம். 2004 ஏப்ரல் முதலாம் திகதி கூகிள் ஜிமெயிலை 1 ஜிபி இடத்தோடு அறிமுகம் செய்தபோது சனம் அதை ஏப்ரல் பூல் பகிடி என்றே நினைத்தது. அதற்குப் பிறகு யாரும் எதையும் அழிக்கவுமில்லை, வீட்டுக்கு எடுத்து வரவுமில்லை. எல்லாம் அங்கேயே கிடக்கட்டும்.

அங்கேயே கிடந்தால் என்ன? இரண்டு வருடம் பாவிக்காத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை கூகிள் 2023 டிசெம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. இப்ப யோசியுங்கோ. தொண்ணூறுகளில் வந்த தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிற காலம் இது. ஊரில் காணி உறுதி ஸ்கேன் பண்ணி அனுப்பினது, அகதி வழக்குக்குச் சட்டத்தரணியோடு எழுதினது, காணாமல் போன தம்பியைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து, எல்லாம் அப்பாவின் மின்னஞ்சல் பெட்டிக்குள்தான். அப்பா செத்து இரண்டு வருடம் யாரும் அதைத் திறக்கவில்லை என்றால்?

ஒரு செயலி கடிதங்களின் முழுப் பிரதியைக் கணினியில் வைக்கிறதா, இல்லை தலைப்பை மட்டும் காட்டி மிச்சத்தைத் தேவைப்படும்போது கந்தோரிலிருந்து எடுத்துக் காட்டுகிறதா என்பது ஒரு வடிவமைப்புத் தெரிவு. இரண்டாவது வழி வேகமானது, இடம் பிடிக்காது, போனுக்கு உகந்தது. தண்டர்பேர்ட் மேசைக் கணினியில் முதல் வழியையே இயல்பாகச் செய்கிறது. அதை எந்தச் செயலியும் வாசிக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பாகவே வைக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஐமேப் பிரதி என்பது கண்ணாடி மாதிரி. கந்தோரில் அழிந்தால் உங்கள் கணினியிலும் அழியும். அதனால் வேண்டிய கடிதங்களை "உள்ளூர் கோப்புறை" என்ற பகுதிக்குப் பிரதி எடுத்துப் போட வேண்டும். அரை மணித்தியால வேலை. அப்பாவின் கடவுச்சொல் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை.

இனி கடவுச்சொல்லுக்கு வருவம். இதில்தான் கொஞ்சம் மினக்கெட வேண்டும், ஏனென்றால் வெளியில் யாரும் இதைப் பற்றிக் கதைக்கிறது குறைவு.

மின்னஞ்சல் வந்தவுடன் போன் "டிங்" என்று சத்தம் போட வேணும். இது எல்லாருடைய எதிர்பார்ப்பு. அன்ட்ரோயிட் போனில் ஒரு செயலி பின்னணியில் இருந்தபடியே மின்னஞ்சல் சேர்வரோடு தொடர்பைத் திறந்து வைத்திருக்கலாம். யேர்மனியில் வளர்ந்த கே-9 மெயில் அப்படித்தான் செய்தது. 2022இல் அது தண்டர்பேர்ட்டோடு சேர்ந்து, 2024 ஒக்டோபரில் அன்ட்ரோயிட்டுக்கான தண்டர்பேர்ட் ஆனது. விலை என்ன என்றால், பற்றரி கொஞ்சம் போகும், மேலே ஒரு அறிவிப்பு எந்த நேரமும் ஒட்டிக்கொண்டே நிற்கும்.

ஐபோனில் அது முடியாது. பின்னணியில் செயலிகள் இப்படித் தொடர்பைத் திறந்து வைத்திருக்க அப்பிள் விடுவதில்லை. ஐபோனின் சொந்த மெயில் ஆப்பில் ஜிமெயிலைப் போட்டவை "கால் மணித்தியாலம் பிந்தித்தான் வருகுது" என்று குறை சொல்லுறதுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அங்கே அந்த ஆப் இடைக்கிடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறது, அவ்வளவுதான். அப்படியென்றால் மற்றக் கொம்பனிகளின் ஆப்கள் எப்படி உடனுக்குடன் சத்தம் போடுகின்றன? செயலி செய்த கொம்பனி தன்ர சேர்வர் ஒன்றை நடுவில் வைக்கும். அந்த சேர்வர் உங்கள் பெயரில் உங்கள் பெட்டிக்குள் போய், 24 மணித்தியாலமும் காவல் இருந்து, கடிதம் வந்ததும் அப்பிளுக்குச் சொல்லும், அப்பிள் உங்கள் போனுக்குச் சொல்லும். உங்கள் பெட்டிக்குள் போக அதற்கு என்ன வேணும்? உங்கள் கடவுச்சொல், அல்லது அதற்கு ஈடான ஒரு திறப்பு.

அதாவது ஒரு "டிங்" சத்தத்துக்காக உங்கள் வீட்டுத் திறப்பின் பிரதி ஒன்று, நீங்கள் பெயரும் கேள்விப்படாத ஒரு தகவல் மையத்தில் கிடக்கிறது. செயலியை நிறுவும்போது இதை யாராவது உங்களிடம் விளங்கப்படுத்தினார்களா? சம்மதம் என்ற நீலப் பட்டனை அமத்தினது ஞாபகம் இருக்கும்.

2014 டிசெம்பரில் மைக்ரோசொப்ட் அகொம்ப்ளி என்ற சின்ன நிறுவனத்தை வாங்கி, அதன் செயலியை அடுத்த மாதமே அவுட்லுக் என்ற பெயரில் போன்களுக்கு வெளியிட்டது. அது இந்த முறையில்தான் இயங்கியது. 2015 பெப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு அந்தச் செயலியைத் தடுத்து, அதைப் பாவித்தவர்களைக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. செய்தி இரண்டு நாள் ஓடி அடங்கிவிட்டது.

போனுக்காவது அப்பிளின் கட்டுப்பாடு என்று ஒரு சாட்டு இருக்கிறது. மேசைக் கணினிக்கு என்ன சாட்டு? விண்டோஸோடு இலவசமாக வந்த பழைய மெயில் செயலியை மைக்ரோசொப்ட் 2024 முடிவோடு நிறுத்தி, எல்லாரையும் "புதிய அவுட்லுக்"குக்குத் தள்ளியது. 2023 நவம்பரிலேயே யேர்மன் தொழில்நுட்பப் பதிப்பகமான ஹைசே ஒரு சோதனை செய்து காட்டியது. வேறு நிறுவனத்தின் ஐமேப் கணக்கைப் புதிய அவுட்லுக்கில் சேர்த்தால், அந்தக் கணக்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மைக்ரோசொப்ட்டின் சேர்வருக்குப் போகின்றன, பிறகு அந்த சேர்வர்தான் உங்கள் கடிதங்களை எடுத்து வருகிறது. அப்போது யேர்மனியின் மத்திய தரவுப் பாதுகாப்பு ஆணையராக இருந்த உல்ரிச் கெல்பர் இது கவலைக்குரியது என்று பகிரங்கமாகச் சொன்னார். மைக்ரோசொப்ட் இதை ஒளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேணும். மின்னஞ்சல், நாட்காட்டி, தொடர்புகள் தங்கள் மேகத்தில் பிரதி செய்யப்படும் என்று அவர்களின் உதவிப் பக்கமே சொல்கிறது. வேகமான தேடல், ஒரே மாதிரியான வசதிகள் என்று காரணமும் தருகிறது.

அந்தக் காரணம் பொய்யில்லை. எங்கட நிறுவனத்திலும் இதே வாதம் வருடத்துக்கு இரண்டு தரமாவது வரும். சேர்வர் ஒன்றை நடுவில் வைத்தால் எங்களுக்கு வேலை பாதியாகக் குறையும், பிழைகளை உடனே திருத்தலாம், பாவனையாளருக்கும் எல்லாம் சுகமாக இருக்கும். எதிர்ப்பக்கம் நிற்கிறவையிடம் இருக்கிற வாதம் ஒன்றே ஒன்றுதான். இல்லாத தரவைக் களவெடுக்கவும் ஏலாது, நீதிமன்ற உத்தரவு காட்டி வாங்கவும் ஏலாது. நான் அந்தப் பக்கம் நிற்கிறவன். நீதி கேட்டு ஜெனீவாவுக்குக் காலாகாலமாக ஆவணம் அனுப்பிக்கொண்டிருக்கிற ஒரு சமூகத்திலிருந்து வந்தவனுக்கு இது வெறும் தொழில்நுட்ப ருசி இல்லை. சாட்சி சொன்னவரின் பெயர் உள்ள கடிதம் எத்தனை இடத்தில் பிரதியாகக் கிடக்கிறது என்பது ஊரில் இருக்கிற அவருடைய வீட்டுக் கதவோடு சம்பந்தப்பட்ட விசயம்.

திறப்பு என்று சொன்னேன். கடவுச்சொல்லையே கொடுக்கிற பழைய முறையை கூகிள் தனிப்பட்ட கணக்குகளுக்கு 2022 மே மாதத்தோடு பெரும்பாலும் மூடியது. மைக்ரோசொப்ட்டின் தனிப்பட்ட கணக்குகளுக்கு 2024 செப்டெம்பரில் மூடப்பட்டது. இப்போது ஓஓத் என்ற முறை. நீங்கள் கூகிளின் பக்கத்திலேயே உள்நுழைவீர்கள், கூகிள் செயலிக்கு ஒரு தனித் திறப்பைக் கொடுக்கும், வேண்டாமென்றால் அந்தத் திறப்பை மட்டும் பறிக்கலாம். பாதுகாப்புக்கு இது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் எந்தச் செயலி திறப்புக் கேட்கலாம், எது கேட்கக்கூடாது என்று தீர்மானிக்கிற அதிகாரமும் இதோடு கந்தோர்க்காரரின் கைக்குப் போய்விட்டது. 2018 ஒக்டோபரில் கூகிள் கொண்டுவந்த விதிப்படி, ஜிமெயில் தரவைத் தன் சேர்வர் ஊடாக எடுக்கிற செயலி வெளியார் ஒருவரின் பாதுகாப்புப் பரிசோதனைக்கு உட்பட வேணும். செலவு செயலி செய்தவருடையது. அப்போது அவர்கள் சொன்ன தொகை 15,000 டொலரிலிருந்து 75,000 டொலர் வரை, அதற்கு மேலும் போகலாம். பெரிய கொம்பனிக்கு இது தேத்தண்ணிக் காசு. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற செயலிக்கு இழவு வீடு.

சோஹோவைப் பற்றிக் கேட்பீர்கள். தமிழ் மண்ணில் நின்று அமெரிக்காவோடு போட்டி போடுகிற நிறுவனம் என்பதில் எனக்கும் சந்தோசம்தான். ஆனால் கந்தோர்க்காரர் நம்மவர் என்பதால் கடிதம் கந்தோரில் இல்லாமல் போய்விடாது. இந்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலையும் இப்போது அதே நிறுவனத்தின் மென்பொருளே தாங்கி நிற்கிறது. கேட்க வேண்டிய கேள்வி எந்த நிறுவனத்துக்கும் ஒன்றுதான்: நாளைக்கு நான் போக வேணுமென்றால் என் கடிதங்களை மூட்டை கட்டிக்கொண்டு போக விடுவீர்களா? (மின்னஞ்சலையே கண்டுபிடித்தது ஒரு தமிழன்தான் என்று வட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றுகிறதையும் சொல்லி முடிக்கிறேன். சிவா அய்யாதுரை 1982இல் பதிப்புரிமை எடுத்தது "இமெயில்" என்று பெயரிட்ட ஒரு செயலிக்கு. கணினிக்குக் கணினி, அந்த அற் குறியோடு கடிதம் அனுப்புவதை ரே டொம்லின்சன் 1971இலேயே செய்துவிட்டார். பள்ளிக்கூட வயதில் அப்படியொரு செயலி எழுதினது கெட்டித்தனம்தான், அதைக் கெட்டித்தனம் என்று சொன்னால் போதும்.)

புரோட்டோன், தூத்தா மாதிரியான மறைகுறியாக்கச் சேவைகள் பற்றியும் ஆட்கள் கேட்பதுண்டு. அங்கே கடிதத்தைக் கந்தோர்க்காரரே வாசிக்க முடியாது. அதற்கும் ஒரு விலை இருக்கிறது. கந்தோர்க்காரரால் வாசிக்க முடியாததைக் கந்தோர்க்காரரால் தேடித்தரவும் முடியாது, எனவே தேடலை உங்கள் கணினியே செய்ய வேணும். வேறு செயலியில் புரோட்டோனை வாசிக்க இடையில் ஒரு பாலச் செயலி வேண்டும், அது காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும். ஹனோவரில் இருக்கிற தூத்தாவில் ஐமேப் அறவே இல்லை, அவர்களின் மேசையில்தான் இருந்து எழுத வேணும்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக. கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவு படத்தை வைத்து அனுப்பினால், நீங்கள் திறந்த நேரமும் உங்கள் இணைய முகவரியும் அனுப்பினவருக்குப் போகும். தண்டர்பேர்ட் வெளிப் படங்களை இயல்பாகவே தடுக்கிறது. ஜிமெயில் 2013 முதல் தன் சேர்வர் வழியாக எடுத்துக் காட்டுகிறது, அப்பிள் 2021இல் தன் முறையைக் கொண்டுவந்தது. உங்கள் செயலியில் "வெளிப் படங்களைக் காட்டு" என்பது தானாக இயங்கினால் நிறுத்திவிடுங்கோ. 2018 மே மாதம் மூன்ஸ்ரர், போகும், லூவன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஈஃபெயில் என்ற ஓட்டை இதே குடும்பத்தைச் சேர்ந்தது. மறைகுறியாக்கிய கடிதத்தைச் சுற்றி எச்.டி.எம்.எல் குறிகளை வைத்து, செயலியே பூட்டைத் திறந்து உள்ளே இருந்ததைப் பட முகவரியாக வெளியே அனுப்பும்படி செய்தார்கள். அதற்குப் பிறகு என் வேலையிடத்தில் பாதிப்பேர் வெறும் எழுத்து வடிவத்தில்தான் கடிதம் வாசிக்கிறார்கள்.

அனுப்புநர் பெயரும் அதே மாதிரி. கடிதத்தில் அனுப்புநரின் பெயர் என்று இருப்பதை யாரும் எதுவாகவும் எழுதலாம், விலாசந்தான் கொஞ்சமாவது நம்பக்கூடியது. போன் திரையில் இடமில்லை என்று பல செயலிகள் பெயரை மட்டும் காட்டி விலாசத்தை ஒளிக்கின்றன. எங்கட பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் பொருளாளருக்குத் "தலைவர்" பெயரில் ஒரு கடிதம் வந்தது, மண்டப முற்பணம் உடனே இந்தக் கணக்குக்குப் போட வேணும் என்று. நல்ல காலம், தலைவர் ஒரு நாளும் "அன்புடன்" என்று முடிக்கிற ஆள் இல்லை, அதாலை மனிசி சந்தேகப்பட்டுப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறா. காசு தப்பியது தலைவரின் முசுட்டுக் குணத்தாலே ஒழிய செயலியின் புண்ணியத்தால் இல்லை. எங்கட செயலியில் விலாசத்தை எப்போதும் காட்ட வேணும் என்று நான் கேட்டபோது அழகு பார்க்கிற வடிவமைப்பாளர் முகத்தைச் சுழித்தார். கடைசியில், முகவரிப் புத்தகத்தில் இல்லாத விலாசமென்றால் மட்டும் பெரிதாகக் காட்டுவது என்று உடன்பட்டோம். இது அழகும் கெடாமல் பயனும் தருகிற வழி. மற்றவைக்கும் சொல்லலாம்.

யேர்மன்காரர் இன்னொன்றுக்காகச் சண்டை பிடிப்பார்கள். பதிலை மேலே எழுதி, பழைய கடிதம் முழுவதையும் கீழே தொங்கவிடுகிற பழக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் டோஃபு, சோயாக்கட்டி அல்ல, யேர்மன் சொற்களின் முதலெழுத்துக்கள். அவுட்லுக் அப்படிப் பழக்கியது, உலகம் பழகிவிட்டது. நான் இந்தச் சண்டையில் இல்லை.

தமிழுக்கு வருவம்.

2000க்கு முன்பின் புலம்பெயர் தமிழர் எழுதிய கடிதங்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினி யுனிகோட் இல்லை. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றின் இடத்திலும் தமிழ் வடிவம் ஒன்றை வைத்து ஒப்பேற்றின வேலை. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கடிதம் ஆங்கிலம். அதைத் தமிழாகக் காட்டியது கடிதத்தின் எச்.டி.எம்.எல் குறிக்குள் இருந்த "எழுத்துரு: பாமினி" என்ற ஒரு சொல் மட்டுமே. இப்போது பாருங்கோ, பாதுகாப்புக்காக வெறும் எழுத்து வடிவத்தில் வாசி என்று மேலே சொன்னேனே, அப்படிச் செய்தால் இந்தக் கடிதங்களில் தமிழ் முழுதும் காணாமல் போய், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். செயலி "தேவையில்லாத குறிகளை" துப்புரவாக்கிச் சேமித்தால், திரும்பக் கண்டுபிடிக்கிறதுக்கான துப்பும் போய்விடும். பாதுகாப்புக்கு நல்ல தெரிவு இங்கே எங்கட நினைவுக்குக் கெட்ட தெரிவாகிறது. அதே காலத்துத் திஸ்கி குறியீட்டுக்கு உலக எழுத்துக்குறிப் பட்டியலில் பதிவு செய்த பெயர் ஒன்றாவது இருக்கிறது. பாமினிக்கு அதுவும் இல்லை.

தேடலும் தொல்லைதான். முழுச்சொல்லாகத் தேடுகிற செயலிகள் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. "வீடு" என்று தேடினால் "வீட்டுக்கு", "வீட்டில்" வராது. "கொழும்பு" என்றால் "கொழும்பில்" தப்பிவிடும். தமிழில் சொல் வேற்றுமை உருபோடு ஒட்டி உருமாறுகிறது என்று ஒரு வடிவமைப்புக் கூட்டத்தில் விளங்கப்படுத்தினால், "அப்ப பின்னிஷ் மாதிரி" என்று சொல்லி அடுத்த விசயத்துக்குப் போய்விடுவார்கள். இப்போதைக்கு ஒரு வழி உண்டு. சொல்லின் ஒரு பகுதியையும் பொருத்திப் பார்க்கிற வடிகட்டி உள்ள செயலியில், கடைசி எழுத்தை விட்டுவிட்டு "கொழும்", "வீட்" என்று தேடுங்கோ. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிற இளம் பிள்ளைகளின் கடிதங்களுக்கு அதுவும் உதவாது, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல்.

தமிழிலேயே மின்னஞ்சல் விலாசம் வைக்கலாமா? வைக்கலாம். அதற்கான தொழில்நுட்ப நியமம் 2012இலேயே வந்துவிட்டது. ஜிமெயில் 2014இல் அப்படியான விலாசங்களோடு கடிதப் போக்குவரத்துச் செய்ய வழி விட்டது. மைக்ரோசொப்ட் 2018இல் தமிழ் உட்பட 15 இந்திய மொழிகளுக்குச் சொன்னது. ".இலங்கை", ".இந்தியா", ".சிங்கப்பூர்" என்று இணையப் பெயர் முடிவுகளும் இருக்கின்றன. ஆனால் வங்கிப் படிவத்திலோ பாடசாலைப் படிவத்திலோ அந்த விலாசத்தை எழுதிப்பாருங்கோ, "செல்லுபடியற்ற முகவரி" என்று சிவப்பில் வரும். படிவம் எழுதின ஆள் பத்து வருடத்துக்கு முன் எங்கேயோ பிரதி எடுத்த சோதனை வரி அது. அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு, தமிழ் விலாசம் இப்போதைக்கு ஆசைக்கு வைத்திருங்கோ, ஆங்கில விலாசத்தை விட்டுவிடாதேங்கோ என்றுதான் சொல்கிறேன்.

காசைப் பற்றிச் சொல்லாமல் இதை விட முடியாது. டிரொப்பொக்ஸ் வாங்கின மெயில்பொக்ஸ் 2016இல் மூடப்பட்டது. கூகிள் தானே செய்த இன்பொக்ஸ் என்ற அழகான செயலி 2014இல் வந்து 2019 ஏப்ரலில் போனது. அதைப் பிடித்தவர்கள் இன்றைக்கும் துக்கம் காக்கிறார்கள். தண்டர்பேர்ட்டையும் 2012இல் மொஸில்லா கிட்டத்தட்டக் கைவிட்டதுதான். 2020இல் அது தனி நிறுவனத்துக்குக் கீழே போனது. பாவனையாளர் தருகிற நன்கொடை 2022இல் 64 இலட்சம் டொலர் ஆனது. விளம்பரமும் இல்லை, கடிதம் வாசிக்கிறதும் இல்லை. கோவில் தேருக்குக் காசு சேர்க்கத் தெரிந்த சமூகத்துக்கு இந்த வருமான முறை விளங்காத ஒன்றில்லை.

எங்கட நிறுவனத்தில் நான் பாமினிக்கு ஒரு பகுதி எழுதுகிறேன், பொறுப்பாளர் அதற்கு இரண்டு கிழமை தந்திருக்கிறார். இன்னும் முடிவாகாத ஒரு கேள்வி இருக்கிறது. பழைய கடிதத்தைக் கண்டுபிடித்ததும் யுனிகோட்டுக்கு மாற்றியே சேமிக்கிறதா, இல்லை மூலத்தை அப்படியே விட்டுத் திரையில் காட்டும்போது மட்டும் மாற்றுகிறதா? மாற்றிச் சேமித்தால் தேடல் சுலபம், வேகம், பத்து வருடத்துக்குப் பிறகு எந்தச் செயலியிலும் திறக்கும். மாற்றாமல் விட்டால் கடிதத்தின் தலைப்பகுதி, நேர முத்திரை, கையொப்பம் எதுவும் கெடாது. நாளைக்கு ஒரு சட்டத்தரணி அதை ஆதாரமாக வைக்க வேணுமென்றால், வந்தபடியே இருக்கிற கடிதம்தான் அவருக்கு வேணும். என் வாக்கு இரண்டாவதற்கு. தேடலுக்கு மட்டும் யுனிகோட்டில் ஒரு தனிச் சுட்டியைப் பக்கத்தில் கட்டி வைக்கலாம், கொஞ்சம் இடம் கூடப் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.